வெறும் வயிறு

காகம்தான் எடுத்திருக்க வேண்டும் என்று சங்கரநயினார் மறுபடியும் தமக்குள் சொல்லிக்கொண்டார். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் அமாவாசைச் சோறு வைத்தது காகத்துக்கு. இலை காலியாகிவிட்டது. அப்படியானால் காகம் எடுத்துவிட்டது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க ஒன்றுமில்லை என்பதையே எத்தனை தடவைதான் யோசிப்பது. காலடியில் அவருடைய நாய் சீனி படுத்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்ததால் பின்னங்கால்களைத் தவளைபோல விரித்து வயிற்றை முழுக்கத் தரையில் ஒட்டி வைத்திருந்தது. அந்த வயிற்றைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் மழித்து, மருந்து தடவி, கீறி, கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். அந்த வயிற்றுக்குள் இப்போது சோறு இருக்கிறதா இல்லையா? டாக்டர் பியூலா நேற்றே போனில் சொல்லியிருந்தார்: "ராத்திரிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க சார். வயித்துல எதாவது இருந்து, மயக்கத்துல வாந்தி எடுத்துச்சுன்னா, அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். அப்புறம் நம்ம கையில இல்ல." நம்ம கையில இல்ல. டாக்டர் மற்ற வார்த்தைகளைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். ஆனால் இரவு முழுவதும் மற்ற வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துபோய் இது மட்டும் மிஞ்சியது. பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்கை நாக்கு தேடித் தேடிப் போவதுபோல அவர் மனம் அங்கேயே போய்ப் போய்த் தொட்டது. இப்போது உள்ளே கூப்பிடுவார்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான். சாப்பிட்டுதா? இல்லை என்று அவர் சொன்னால் ஊசி. அவ்வளவுதான். அவருடைய ஒரு சொல்லுக்கும் அந்த ஊசிக்கும் நடுவில் வேறு ஒன்றுமே இல்லை.

ஆபரேஷனை இந்த அமாவாசை அன்றா வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார். மனைவி உலகம்மைதான் நாள் பார்த்தாள். நிறைந்த நாள், எதைத் தொட்டாலும் நல்லபடியாக முடியும் என்றாள். அவள்மேல் பழி சொல்ல முடியாது. நாள் பார்க்கச் சொன்னதே அவர்தான். ஆடி மாதமே செய்திருக்க வேண்டியது. ஆடியில் கத்தி வைக்கக் கூடாது என்று அவர்தான் சொன்னார், அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் சொன்னார், சொன்னதும் மூச்சு இலேசாகிவிட்டது. அப்புறம் ஐப்பசியில் சீனிக்கு அந்த நாட்கள் வந்துவிட்டன. தெரு நாய்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே கிடந்தன. அந்தச் சமயத்தில் அறுத்தால் ரத்தம் அதிகம் போகும், பொறுத்துச் செய்யலாம் என்று டாக்டரே சொன்னபோது, தமக்குக் கிடைத்த விடுப்புபோல அவர் சந்தோஷப்பட்டார். மார்கழியில், வயிற்றில் ஒன்றுமில்லாமலே சீனி பிள்ளை பெற்றுவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அவருடைய பழைய சாக்ஸ்களைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து படுத்து, யாரையும் கிட்ட விடாமல் உறுமியது. காம்புகளில் பால் வந்தது. சாக்ஸ்களை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. உலகம்மை குனிந்து பார்த்துவிட்டு, "எடுக்காதீங்க, அவளா விடட்டும்" என்றாள். புனேயில் வேலை பார்க்கும் மகள் பூரணி, கல்லூரிக் காலத்தில் இந்த நாயைக் குட்டியாக மடியில் போட்டுக்கொண்டு வந்தவள், வீடியோவில் பார்த்து அழுதாள். "அப்பா, இனிமேலும் தள்ளிப்போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் இப்படி ஆகி, கடைசியில கர்ப்பப்பையில சீழ் புடிச்சிரும். அப்புறம் அவசரமா அறுக்கணும். அப்ப பிழைக்கிறது கஷ்டம்." ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார் டாக்டர், சித்திரையில் மறுபடி வரும், அதற்குள் எடுத்துவிடலாம். ஆக அறுத்தாலும் பயம், அறுக்காவிட்டாலும் பயம். இரண்டு பயங்களுக்கு நடுவில் மாசம் மாசமாக உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் அவர் நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்.

அமாவாசை என்றால் சமைத்து, படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று உலகம்மை விடியுமுன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். வாழைக்காய்க் கறி, பருப்பு, நெய். அவர்தான் இலைத்துண்டில் சோற்றைப் பிசைந்து மாடிக்கு எடுத்துப்போனார். சீனியும் பின்னால் ஏறி வந்தது. அது காலையில் ஒன்றுக்குப் போவது மாடியில்தான். சோற்றைச் சுவரில் வைத்து, தண்ணீர் சுற்றி, கா கா என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கேபிள் கம்பியில் இரண்டோ மூன்றோ உட்கார்ந்திருந்தன, வரவில்லை. நாயைப் பார்த்து வரவில்லையோ? கீழே போன் அடித்தது. "பூரணி கூப்பிடுதா" என்று உலகம்மை குரல் கொடுத்தாள். அவர் இறங்கினார். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நினைவின் கால் தட்டுகிறது. இறங்கும்போது நாய் எங்கே நின்றது? மாடிக் கதவை இழுத்துச் சாத்தியது நினைவிருக்கிறது. கதவுக்கு அந்தப்பக்கம் நாய் இருந்ததும் தெரியும். துணி துவைக்கும் கல் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, கல்மேல் ஏறினால் சுவர் எட்டும், சீனி அதில் ஏறித் தெருவை வேடிக்கை பார்ப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறார். அப்படியானால் மறந்தாரா? அல்லது, கை கதவை இழுத்தபோது உள்ளே ஏதோ ஒன்று, பேர் சொல்ல முடியாத ஒன்று, தின்னட்டும் என்று நினைத்ததா? தின்றுவிட்டால் இன்று கிடையாது. இன்று இல்லையென்றால் நாளைக்குப் பிரதமை, ஆகாது. அப்புறம் ஏதாவது ஒரு நாள். அவர் தம் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது வேறொருவர் கைபோலத் தொடைமேல் கிடந்தது. போன் பேசிவிட்டு மேலே போனபோது இலை தரையில் கிடந்தது. ஒரு பருக்கை இல்லை. காகம் தின்றால் நாலு பருக்கையாவது சிந்தியிருக்கும். ஆனால் காற்றில் இலை விழுந்திருந்தால் பருக்கை தெருப்பக்கம் போயிருக்கலாம். சீனி தண்ணீர்த்தொட்டி நிழலில் படுத்து, அவரைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் அடித்தது. கம்பியில் காகங்கள் இல்லை. தின்றுவிட்டுப் போயினவா, தின்ன முடியாமல் போயினவா? படியிறங்கும்போது உலகம்மை கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "காக்கா எடுத்துட்டுதா?" போன அமாவாசைக்குக் காகம் வரவே இல்லை. சாயங்காலம்வரை ஒரு வாய் சாப்பிடாமல், மாமாவுக்கு நம்மமேல என்ன கோவமோ என்று அவருடைய செத்துப்போன அப்பாவை நினைத்து அரற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த முகத்தில் அப்பா மட்டும் இல்லை, சீனியும் இருந்தது. அவர், "எடுத்துட்டுது" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப பயமில்ல. நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் வரல, என்னால பாக்க முடியாது." ஆட்டோவில் வரும்போது குனிந்து சீனியின் வாயை முகர்ந்து பார்த்தார். நெய் வாசம் அடித்தது. தம் விரல்களை முகர்ந்தார். அதிலும் அதே நெய்தான்.

"என்ன அண்ணாச்சி, நாய்க்கு என்ன?" என்றது பக்கத்துக் குரல். பெஞ்சின் அந்த முனையில் ஒரு மனிதர் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிடாய்க்குக் காலில் புண்போல, துணி சுற்றியிருந்தது. சங்கரநயினார் விஷயத்தைச் சொன்னார். "அடப் பாவமே. ஒரு ஈத்தாவது ஈன விட்டியளா?" "இல்ல." "விட்டிருக்கணும் அண்ணாச்சி. ஒருக்கா தாயாக்கிட்டு அறுத்தா அதுக்கும் ஒரு மனசு ஆறும்லா." அதெல்லாம் தப்பு, ஈன விட வேண்டிய அவசியமே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தவருக்குச் சாக்ஸைச் சுற்றி வளைந்து கிடந்த உடம்பு ஞாபகம் வந்தது. "இந்தப் பயலுக்கு நாங்க ரெண்டு மாசத்துலயே நறுக்கியாச்சு" என்று அந்த மனிதர் கிடாயின் முதுகில் தட்டினார். "அவன்கிட்ட கேட்டா செஞ்சோம்? ஒங்களப் பாத்தா நாய்கிட்ட உத்தரவு வாங்க உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு." சிரித்தார். சங்கரநயினாரும் சிரித்தார், சிரிப்பு முடிந்த பிறகும் முகம் அப்படியே நின்றது. "ஆனா ஒண்ணு, மயக்க ஊசி நல்லாப் பாத்துப் போடச் சொல்லுங்க. எங்க மச்சினன் ஒண்ணு வளத்தான், சிங்கம் மாதிரி. ஊசி போட்டதும் அவன் மடியில தலைய வச்சு ராசா மாதிரி தூங்குச்சு. தூங்குனது தூங்குனதுதான்." "எதாவது தின்னிருந்ததா?" என்று கேட்டார், தம் குரல் இவ்வளவு அவசரமாக வந்தது அவருக்கே கூச்சமாக இருந்தது. "யாரு கண்டா? வீட்டுல புள்ளைய இருக்கு, பிஸ்கட் போட்டிருக்கும். கேட்டா ஒண்ணும் போடலம்பாவ." கிடாய் ஒரு தடவை கத்தியது. சீனி தலையைத் தூக்கி அதைப் பார்த்து, இது நம் விஷயமல்ல என்பதுபோலத் தாடையை மறுபடி அவர் செருப்பின்மேல் வைத்துக்கொண்டது. அந்தத் தலையின் கனம். அந்தக் கனத்தில்தான் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தவர், உடனே அது நம்பிக்கை இல்லை, வெறும் தலை, நாய்க்கு என்ன தெரியும் என்று மாற்றிக்கொண்டார். தெரியாது என்பதுதானே பயமே.

அவருக்கு ஒருமுறை குடல்வால் எடுத்தார்கள். முகமூடியை வைத்து, எண்ணுங்கள் என்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் வேறொரு அறை, வேறொரு வெளிச்சம், உலகம்மை முகம். தூக்கம் என்றால் தூங்கி எழுந்த உணர்வாவது இருக்கும். இது அப்படி இல்லை. மூன்றுக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் இருந்த நேரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. தையலுக்குக் கீழே குடல்வால் இல்லாததுபோல வாழ்க்கையிலும் ஒரு துண்டு இல்லை. அந்த இல்லாத துண்டை நினைத்தால் இன்றைக்கும் கழுத்து வியர்க்கும். ஆனால் அவரிடம் சொன்னார்கள். என்ன எடுக்கப்போகிறோம், ஏன் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அவர் தலையாட்டினார். சீனியிடம் யார் சொல்வார்கள்? வா, போகலாம் என்று அவர் வார்ப்பட்டையை எடுத்ததும் அது குதித்துக்கொண்டு வந்தது, ஆற்றங்கரைக்குப் போகிறோம் என்று. ஆட்டோவில் முகத்தை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்தது. இப்போது அதன் விலா ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறியது. இறங்கியது. இறங்கி நின்ற அந்த இடத்தில் ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டதுபோல அவருக்குத் தோன்ற, காலை அசைத்தார். சீனி கண்ணைத் திறந்து என்ன என்று பார்த்தது. ஒன்றுமில்லை என்றார் வாய்விட்டு. ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவருக்கு மின்வாரியத்தில் சப்ஸ்டேஷன் வேலை. வெளியே கம்பத்தில் ஏற நிற்கிற ஆளுக்கு, கரண்டை நிறுத்தியாயிற்று, கை வைக்கலாம் என்று இங்கிருந்து உத்தரவு கொடுக்க வேண்டும். லைன் கிளியர் என்பார்கள். சுவிட்சை நிறுத்திய பிறகு போர்டில் விளக்கு அணையும். அது போதும் என்று மற்றவர்கள் கொடுத்துவிடுவார்கள். சங்கரநயினார் கொடுக்கமாட்டார். வெளியே மின்கருவிகள் நிற்கும் யார்டுக்கு நடந்துபோய், கரண்டைத் துண்டிக்கிற கம்பித் தகடு விலகி நிற்கிறதா என்று அண்ணாந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வருவார். மழையானால் குடை பிடித்துக்கொண்டு போவார். "நயினார் சார் லைன் கிளியர் குடுக்குறதுக்குள்ள கம்பத்துல குருவி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, பறந்தே போயிரும்" என்று லைன்மேன்கள் கேலி செய்வார்கள், அவர் காதுபடவே. அவர் கோபித்துக்கொண்டதில்லை. புதிதாக வருகிறவர்களிடம், பாத்தியா, இல்ல இருக்கும்னு நெனைக்கியா, அதை மட்டும் சொல்லு என்பார். அதைப் பொறுப்பு என்று ஊர் நினைத்தது. அது பயம்தான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். எங்கோ தெரியாத ஒரு கம்பத்தில், தெரியாத ஒரு மனிதன், தம் வாய்ச்சொல்லை நம்பிக் கையை நீட்டுகிறான் என்ற நினைப்பை அவரால் ஒருநாளும் சாதாரணமாக விழுங்க முடிந்ததில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில், மாடிப்படியில் நின்று, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியாயிற்று. எவ்வளவு சுலபமாக வந்தது! நாக்கு புரண்டது, அவ்வளவுதான். ஒரு தடவை சுலபமாக வந்தது இரண்டாவது தடவையும் வரும். டாக்டர் கேட்பார், நாக்கு புரளும். பொய்கூட இல்லை. காகம் எடுத்திருக்கலாம்தானே. எடுத்திருந்தால் எல்லாம் சரி, அப்பா சாப்பிட்டார், உலகம்மை சாப்பிடுவாள், சீனி சாயங்காலம் தலையைத் தூக்கும். எடுக்காமல் இருந்தால். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. உண்மையைச் சொல்வதுதானே சரி, சொல்லிவிடலாமே என்றால், அதற்குள்ளும் ஒரு பாம்பு இருந்தது. சொன்னால் இன்று நடக்காது. நடக்காமல் போவதுதான் உனக்கு வேண்டும், அதற்கு உண்மை ஒரு சாக்கு என்றது அது. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தில் அவரே நின்றுகொண்டிருந்தார்.

"சீனி!" என்று உள்ளிருந்து எஸ்தர் கூப்பிட்டாள். டாக்டருக்கு உதவியாக இருக்கிற அந்தப் பெண் நோயாளியின் பெயரைத்தான் கூப்பிடுவாள், வளர்ப்பவர் பெயரை அல்ல. சீனி தன் பெயரைக் கேட்டதும் எழுந்து, அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போனது. டாக்டர் பியூலா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சார், ஒரு வழியா வந்துட்டீங்க. இந்தத் தடவையும் எதாவது சொல்லித் தப்பிச்சிருவீங்கன்னு நான் எஸ்தர்கிட்ட பந்தயமே கட்டியிருந்தேன்." எஸ்தர் சிரித்தாள். "காலையில எதுவும் குடுக்கலியே?" "நான் குடுக்கல" என்றார். அது உண்மை. அவ்வளவு சுத்தமான உண்மை. எஸ்தர் குனிந்து சீனியை அலாக்காகத் தூக்கி இரும்பு மேசையில் நிறுத்தினாள். நகம் இரும்பில் வழுக்கிய சத்தம் அவர் பல்லில் கூசியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் வைத்துக் கேட்டார், நல்லா இருக்கா, நல்லாத்தான் இருக்கா என்று நாயிடமே சொன்னார். ஊசி மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். உறிஞ்சுகிற மருந்தின் நிறமின்மை. எஸ்தர் முன்னங்காலை நீட்டிப் பிடித்து, மயிரை மழிக்க மெஷினைத் தட்டினாள், அது உறுமியது, சீனி அவர் பக்கம் தலையைத் திருப்பியது. "நான் பாக்கல, டாக்டர்." "எதை சார்?" "காக்காய்க்கு வச்ச சோறு. இலை காலியாக் கெடந்தது. நாயும் அங்க இருந்தது. நான் இல்ல. காக்கா எடுத்துச்சா, இது தின்னுச்சான்னு... நான் பாக்கல." மெஷின் நின்றது. டாக்டர் ஊசியை மூடித் தட்டில் வைத்தார். "அமாவாசையா இன்னிக்கு? எங்க வீட்டுக் காலண்டர்ல அதெல்லாம் போடுறதில்ல சார், இல்லன்னா நானே வேற நாள் சொல்லியிருப்பேன். எவ்வளவு சோறு?" அவர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "இன்னிக்கு வேண்டாம். தெரியலன்னா எனக்குத் தின்ன கணக்குதான். நல்லவேளை சொன்னீங்க. நாளைக்கு வெறும் வயித்தோட கொண்டாங்க."

நாளைக்கு. அந்தச் சொல் உடம்பெல்லாம் இளநீர்போல இறங்கியது. சீனியை மேசையிலிருந்து இறக்கினார்கள், அது உதறிக்கொண்டது, அவரும் உள்ளுக்குள் உதறிக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம். ஆற்றங்கரை வழியாகவே போகலாம். வாசல்வரை வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தின் அளவைப் பார்த்துத்தான் அவர் கால் அங்கேயே நின்றது. இவ்வளவு சந்தோஷம் ஆகாது. இவ்வளவு சந்தோஷப்படுகிறவன் நாளைக்கு வரமாட்டான், நாளை மறுநாளும் வரமாட்டான். சித்திரையில் அது காலைத் தூக்கி நக்கிக்கொண்டு படுக்கும்போது, சீழ் வாடை வரும்போது, அன்றைக்கு வருவான், தூக்கிக்கொண்டு ஓடிவருவான். திரும்பி நின்றார். "நாளைக்குன்னா நான் வரமாட்டேன், டாக்டர்." "ஏன் சார், டூட்டியா?" "இல்ல. பயம்." அந்தச் சொல்லை அந்நிய மனிதர்கள் முன்னால் அவர் சொன்னதே இல்லை. "வீட்டுக்குக் கொண்டுபோனா திரும்பக் கொண்டாரமாட்டேன். வீட்டுலயும் பிரதமைம்பா, நான் ஆமான்னுருவேன். எனக்கு என்னைத் தெரியும். இங்கயே வச்சுக்கிட முடியுமா?" டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. "பின்னால கூண்டு இருக்கு. ராத்திரி எஸ்தர் இங்கதான் தங்குவா. காலையில முதல்ல இவளைத்தான் எடுப்பேன். விட்டுட்டுப் போவீங்களா?" எஸ்தர் வார்ப்பட்டைக்குக் கை நீட்டினாள். அவர் கொடுத்தார். சீனி அவளோடு போனது. கூண்டுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய சாக்கை முகர்ந்தது. பிறகு கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிற அவரைப் பார்த்தது, எப்போது நீ உள்ளே வருவாய் என்பதுபோல. "நீங்க நிக்க நிக்கத்தான் சார் அது ஏங்கும். போங்க" என்றாள் எஸ்தர்.

கூண்டு இருந்த அறையின் ஜன்னல் வாசல் பக்கமாகத்தான் திறந்திருந்தது. குரைத்தால் கேட்கும். ஒரு தடவை குரைத்தால் போதும், திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று வராந்தா படியில் கால் வைக்கும்போது தமக்குத் தாமே வாக்குக் கொடுத்துக்கொண்டார். அதற்கு நேரம் வேண்டுமே என்று மெதுவாக நடந்தார். வேப்பமரம்வரை ஒன்றுமில்லை. ஏன் குரைக்கவில்லை? வீட்டில் தபால்காரரின் சைக்கிளுக்கெல்லாம் குரைக்கிற நாய். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கட்டுப் போட்ட கிடாயோடு ஆட்டுக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். "என்ன அண்ணாச்சி, வெறுங்கையோட? உள்ள விட்டாச்சா? அதான் சரி. பாக்காம இருக்கதுதான் நல்லது, எங்க மச்சினன் பாரு, மடியில வச்சுக்கிட்டு..." சங்கரநயினார் கையைத் தூக்கி அவர் பேச்சை நிறுத்தினார். ஆனால் அதற்குள் கிடாய் நீளமாக ஒரு கத்து கத்தி ஓய்ந்தது. அந்தக் கத்தலுக்கு அடியில் ஏதோ ஒரு சத்தம் கேட்டதுபோல இருந்தது. கேட்காததுபோலவும் இருந்தது. "குரைச்சுதா?" என்றார். "எது?" "என் நாய். இப்ப குரைச்சுதா? ஒங்க காதுல விழுந்துதா?" அந்த மனிதர் கழுத்தைச் சாய்த்து, உண்மையாகவே கவனித்துக் கேட்டார். "இவன் கத்துனதுதான் அண்ணாச்சி கேட்டுது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல." சாலையில் ஒரு பஸ் போயிற்று. சங்கரநயினார் வெளியே வந்து, கேட்டை இழுத்து, கொண்டியைப் போட்டார்.